சமையலறையில் கேட்ட மேட்ச்

ஜேம்ஸுக்கு வாய் அடைத்துப்போய் அந்த ஞாயிற்றுக்கிழமையோடு ஏழு மாதம் ஆகியிருந்தது. கை கொஞ்சம் தேறிவிட்டது. கால் இழுத்து இழுத்தாவது நடக்கிறது. பேச்சு மட்டும் வருவேனா என்றது. என்ன கேட்டாலும் ஒரு பார்வை, மிஞ்சிப்போனால் ஒரு தலையசைப்பு. திருநின்றவூரில் அக்கம்பக்கத்து ஜனங்கள் வந்து, "இன்னா அண்ணாத்தே, நல்லா கீறியா?" என்று கேட்பார்கள். பதில் வராததைப் பார்த்துவிட்டு அதையே இன்னொரு தடவை உரக்கக் கத்துவார்கள். காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிச் சொல்லி அவர் மனைவி ஞானம்மாளுக்கு அலுத்துவிட்டது.

அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி ஒன்று இருந்தது. ஸ்ட்ரோக் வந்ததற்கு முந்தின நாள் சாயங்காலம் ஜேம்ஸ் டிவியில் மேட்ச் பார்த்துக்கொண்டு தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தார். கள்ளிக்குப்பத்திலிருந்து மகள் ரோஷினி போனில் ஏதோ சொல்கிறாள், ஒரு எழுத்து காதில் விழவில்லை. ஞானம்மாளுக்கு வந்ததே ஒரு கோபம்! "யோவ், உன் வாய்க்கு ஒரு பூட்டு போடமாட்டாரா அந்த ஆண்டவரு!" என்று கத்திவிட்டாள். மறுநாள் விடியற்காலையில் ஆண்டவர் பூட்டிவிட்டார்.

நாற்பது வருஷத்தில் அவள் ஆண்டவரிடம் எத்தனை கேட்டிருப்பாள்! ரோஷினிக்கு ஒரு நல்ல வேலை கேட்டாள், போர் தண்ணீர் உப்புக் கரிக்காமல் இருக்கவேண்டும் என்று கேட்டாள், தன் முட்டிவலி போகவேண்டும் என்று கேட்டாள். அதையெல்லாம் அப்படியே கிடப்பில் போட்டுவிட்டு, கோபத்தில் வாய் தவறி வந்த இந்த ஒன்றையா கேட்டுக் கொடுக்கவேண்டும்? ஒவ்வொரு நாளும் படுக்கும்போது அவள் இதை நினைத்து நினைத்து உருகினாள். இந்த மனுஷன் ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும், தன் பேச்சால் வந்தது தீர்ந்தது என்று நிம்மதியாகக் கண்ணை மூடலாம்.

ஆவடியில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற காவ்யா என்ற பெண் பொறுமைசாலி. வாரத்துக்கு இரண்டு நாள் ஜேம்ஸின் முன்னால் உட்கார்ந்து, "சார், ஆ சொல்லுங்க, அம்மா சொல்லுங்க" என்று கெஞ்சுவாள். ஜேம்ஸ் சுவரைப் பார்ப்பார். போன வாரம் அவள் ஞானம்மாளிடம் சொன்னாள்: "ஆன்ட்டி, யோசிச்சுப் பேசற பேச்சு வர லேட்டாகும். ஆனா பழகிப்போன பேச்சு சில பேருக்குத் தானா வந்துடும். சாருக்கு வாயில எப்பவும் இருந்தது எது? பாட்டா, ஜெபமா?"

பாட்டு என்றால் ஜேம்ஸுக்குக் கழுதைக்குரல். ஜெபத்தில் ஆமென் மட்டும்தான் அவர் பங்கு. வீட்டில் என்ன பெரிதாகப் பேசினார்? 'சோறு போடு', 'சட்டை எங்க கீது', அவ்வளவுதான். பஸ் ஏறுகிற வரையில் யோசித்துப் பார்த்துவிட்டு, பஸ்ஸில் உட்கார்ந்ததும்தான் ஞானம்மாளுக்குச் சுரீரென்று உறைத்தது. அந்த ஆள் வாய் கிழியப் பேசியதெல்லாம் கிரவுண்டில் அல்லவா!

ஜேம்ஸ் வேலை பார்த்த பேக்டரியின் குவார்ட்டர்ஸில் அவர்கள் இருபத்தெட்டு வருஷம் குடியிருந்தார்கள். டி பிளாக், கீழ்வீடு. கொல்லைச் சுவரைத் தாண்டினால் ரோடு, ரோட்டைத் தாண்டினால் பேக்டரி கிரவுண்ட். பேக்டரி கிரிக்கெட் டீம் லீகில் நாலாம் டிவிஷன் ஆடிக்கொண்டிருந்தது. அப்போதும் நாலாம் டிவிஷன், இப்போதும் நாலாம் டிவிஷன், நடுவில் ஒரு வருஷம் மூன்றாவதுக்கு ஏறி மறுவருஷமே பத்திரமாகத் திரும்பி வந்துவிட்டது. ஜேம்ஸ் அந்த டீமில் ஒருநாளும் ஆடியவர் இல்லை. பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிற ஆள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வந்தால் சர்ச்சிலிருந்து நேராக அங்கே போய் உட்கார்ந்துவிடுவார். பேட்டைப் பிடித்தவன் எப்படி ஆடவேண்டும் என்று பவுண்டரிக்கு வெளியே இருந்து அவர்தான் சொல்லிக்கொடுப்பார். மைக் கட்டாத தேர்தல் கூட்டம் என்று டீம் பையன்களே கிண்டல் செய்வார்கள்.

குவார்ட்டர்ஸ் பெண்கள் யாரும் கிரவுண்டுக்குப் போகிற வழக்கம் இல்லை. ஞானம்மாள் ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. பார்க்கத் தேவையும் இருக்கவில்லை. மட்டன் குழம்பைக் கிளறிக்கொண்டே சமையலறை ஜன்னல் வழியாகப் புருஷன் குரலைக் கேட்டே அவளுக்கு எல்லாம் தெரிந்துவிடும். "கட்டை போடு! கட்டை போடு!" என்று கேட்டால் இழுபறி, சாப்பாட்டுக்கு ஆள் வர இரண்டு மணி ஆகும், அடுப்பைக் குறைத்துக்கொள்ளலாம். "அம்பயரே, கண்ணாடி வாங்கித் தரட்டா?" என்றால் சண்டை, வரும்போதே உர்ரென்று வருவார், ஒரு ஆம்லெட் சேர்த்துப் போட்டால் அடங்கிவிடுவார். "தூக்கு நைனா, தூக்கு!" என்று வந்துவிட்டால் ஆட்டம் முடிகிறது என்று அர்த்தம். உடனே உலையில் அரிசியைப் போட்டுவிடுவாள். சோறு வடிக்கவும் செருப்புச் சத்தம் வாசலில் கேட்கவும் சரியாக இருக்கும்.

அவளுக்கு அந்த மூன்றாவது கத்தல்தான் ரொம்பப் பிடிக்கும். வெளியில் காட்டிக்கொண்டதில்லை. 'ஊரு சிரிக்குது உன் கத்தலை கேட்டு' என்றுதான் திட்டுவாள். ஆனால் உலையில் அரிசியைப் போடும்போது கை கொஞ்சம் சுறுசுறுப்பாகிவிடும். இன்று அந்தக் குரலை ஒருதரம் கேட்க அவள் என்னதான் கொடுக்கமாட்டாள்!

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. ஜேம்ஸுக்குச் சலவைச் சட்டை போட்டு, தொப்பி மாட்டி, ஆட்டோ பேசி ஏற்றினாள். ரோஷினி போனில் தாம்தூம் என்று குதித்தாள். "வெயில்ல இன்னாத்துக்குமா அவரை இட்டுகினு போற? எதுனா ஆயிட்டா?"

"ஆனது ஆயிடுச்சி, இனிமே இன்னா ஆவப்போவுது" என்று போனை வைத்துவிட்டாள் ஞானம்மாள்.

குவார்ட்டர்ஸ் கேட்டில் இருந்த செக்யூரிட்டிக்கு ஜேம்ஸ் யார் என்று தெரியவில்லை. ரிட்டயர் ஆனவர்களுக்குக் கொடுத்த அட்டையை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தான். முப்பத்தேழு வருஷம் வேலை செய்த மனுஷனைப் புரட்டிப் பார்க்கிறானே என்று அவளுக்கு வயிறு எரிந்தது. ஜேம்ஸ் அந்தப் பக்கமே பார்க்கவில்லை. உள்ளே நுழைந்ததிலிருந்து அவர் கண் மரங்களுக்கு நடுவே எதையோ தேடிக்கொண்டிருந்தது.

கிரவுண்டில் கூட்டம் என்று சொன்னால் சிரிப்பார்கள். இரண்டு டீம் பையன்கள், ஷாமியானா பந்தலுக்கடியில் ஸ்கோர் எழுதுகிற ஒருவர், நாலைந்து ரிட்டயர்டு பெரிசுகள், இரண்டு நாய். தகரப் பலகையில் ஆணியடித்து எண் அட்டைகள் மாட்டியிருந்தார்கள். எட்டு என்ற அட்டை தொலைந்துபோயிருக்கவேண்டும், மூன்றையே சாக்பீஸால் எட்டாக்கித் தொங்கவிட்டிருந்தார்கள். பூந்தமல்லி டீம் நூற்று முப்பத்தொன்பது அடித்து முடித்திருந்தது. இனி பேக்டரி டீம் நூற்று நாற்பது அடித்தால் ஜெயிக்கலாம்.

"யாரு... ஜேம்ஸ் அண்ணாத்தேயா?" என்று டீ கேனை அப்படியே வைத்துவிட்டு ஓடிவந்தான் துலுக்கானம். பிட்சுக்குத் தண்ணி விட்டு, பாய் விரித்து, டீயும் ஊற்றுகிறவன். அந்தக் கிரவுண்டிலேயே தலை நரைத்தவன். "இன்னா அண்ணி இது, ஆளு பாதியா பூட்டாரு! நீ வராத கிரவுண்டு தூங்கி வயியுது அண்ணாத்தே. பசங்களை கேக்க ஆளே இல்ல."

ஜேம்ஸ் அவனைப் பார்த்தார். இடது கையால் அவன் தோளைப் பிடித்தார். உதடு மட்டும் ஒருதரம் துடித்தது. துலுக்கானம் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஒரு நாற்காலியைத் துடைத்துக் கொண்டுவந்து போட்டான். எங்கே போடவேண்டும் என்று அவன் யாரையும் கேட்கவில்லை. நேராகக் கொண்டுபோய்ப் பெரிய தூங்குமூஞ்சி மரத்தடியில் போட்டான். அதுதான் ஜேம்ஸ் உட்காருகிற இடம்.

பக்கத்தில் உட்கார்ந்த ஞானம்மாள் தற்செயலாகத் திரும்பிப் பார்த்தாள். ரோட்டுக்கு அந்தண்டை டி பிளாக். தன் கொல்லைச் சுவர், அதற்குப் பின்னால் தன் சமையலறை ஜன்னல். கண்ணாடி உடைந்து, யாரும் குடியில்லாமல் பூட்டிக் கிடந்தது. தீப்பெட்டி அளவுக்குத்தான் தெரிந்தது. அம்மாடி, இவ்வளவு தூரமா! இங்கிருந்தா இந்த மனுஷன் கத்தினார், அங்கேயா அவள் கேட்டாள்? இருபத்தெட்டு வருஷம் அவர் பக்கத்திலேயே இருந்து கத்தியதுபோல அல்லவா இருந்தது.

ஆட்டம் ஆரம்பித்தது. ஞானம்மாளுக்கு ஆட்டத்தில் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஓடுகிறார்கள், நிற்கிறார்கள், ஓவருக்கு ஓவர் இடம் மாறுகிறார்கள். அவள் ஜேம்ஸின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் விக்கெட் விழுந்தது. வாய் திறக்கவில்லை. ஒரு பையன் இரண்டு ஃபோர் அடித்தான். திறக்கவில்லை. அம்பயர் எதற்கோ கையைத் தூக்க, பையன்கள் காச்மூச்சென்று கத்தினார்கள். 'இப்ப, இப்ப கண்ணாடின்னு சொல்லுவாரு' என்று ஞானம்மாள் சேலைத் தலைப்பை இறுக்கிப் பிடித்தாள். ஜேம்ஸ் எச்சில் விழுங்கினார், அவ்வளவுதான்.

"சொல்லுங்க. எதுனா சொல்லுங்க. கட்டை போடுன்னு சொல்லுங்க. இன்னா பாக்கறீங்க, உங்க கிரவுண்டுதானே?" அவள் குழந்தைக்குச் சோறு ஊட்டுகிறமாதிரி கெஞ்சினாள். ஜேம்ஸ் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். அவர் கண்ணோரத்தில் தண்ணீர் கோத்திருந்தது. ஐயோ, ஆறிப்போன புண்ணைக் கீறிவிட்டோமோ என்று அவளுக்குப் பயமாகிவிட்டது. பேசமுடியாத மனுஷனை, அவர் பேசிக்கொண்டே இருந்த இடத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து வேடிக்கை பார்க்கிறோமே! ஆட்டோக்காரருக்குப் போன் போட்டாள். அரை மணி ஆகும் என்றார்.

அந்த அரை மணியில் ஆட்டம் சூடு பிடித்துவிட்டது. மளமளவென்று விக்கெட் சரிந்தது. ஒன்பது பேர் போய்விட்டார்கள். ஒரு முனையில் வெற்றிச்செல்வன் என்ற பையன் ஐம்பதைத் தாண்டி நிதானமாக நின்றுகொண்டிருந்தான். மறுமுனைக்குக் கடைசி ஆளாக வந்தவன் கோகுல்நாத். பந்து போடுகிறவன், பேட்டைத் துடைப்பம் மாதிரி பிடித்திருந்தான். கிரவுண்டில் இருந்த நாலு பெரிசுகளும் எழுந்து நின்றுவிட்டார்கள்.

"நாலே ரன்னு அண்ணி! நாலே ரன்னு! ஓவரு மூணு கீது" என்றான் துலுக்கானம், நகத்தைக் கடித்துக்கொண்டு.

நாலே ரன் என்றால் முடியப்போகிறது என்றுதானே அர்த்தம்? முடியப்போகிறபோது என்ன கேட்கும் என்று ஞானம்மாளுக்கு நன்றாகத் தெரியும். இருபத்தெட்டு வருஷம் அந்த நேரத்தில்தானே உலையில் அரிசியைப் போட்டாள். அது கேட்கவேண்டிய நேரம் வந்துவிட்டது, கத்தவேண்டிய ஆள் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். அவளுக்கு என்ன தோன்றியதோ, எழுந்தாள். அறுபத்திரண்டு வயது, பட்டு பார்டர் சேலை, நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் எங்கேயோ போயிற்று.

"தூக்கு நைனா, தூக்கு!"

முதல் கத்தல் காக்காய்க்குக்கூடக் கேட்டிருக்காது. இரண்டாவது, அடிவயிற்றிலிருந்து வந்தது.

"தூக்கு நைனா! தூக்கூ!"

விவரம் தெரிந்தவன் யாரும் அந்த நேரத்தில் அப்படிக் கத்தமாட்டான். கடைசி விக்கெட். கோகுல்நாத் செய்யவேண்டியது, அவுட்டாகாமல் பந்தைத் தடுத்துக்கொண்டு நிற்பது. ரன்னை வெற்றிச்செல்வன் பார்த்துக்கொள்வான். தூக்கி அடித்தால் கேட்ச்தான், கதை முடிந்தது. ஆனால் ஒரு அம்மா அவ்வளவு நம்பிக்கையோடு கத்தினால் பையன் என்ன செய்வான்? தூக்கினான். பந்து செங்குத்தாக ஆகாயத்துக்குப் போயிற்று. அதைப் பிடிக்க இரண்டு பேர் ஓடிவந்து, ஒருவரையொருவர் முட்டிக்கொண்டு விழுந்தார்கள். பந்து நடுவில் தொப்பென்று விழுந்தது. ஒரு ரன்கூட ஓட மறந்து கோகுல்நாத் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"டேய், யார்றா அது!" என்று மறுமுனையிலிருந்து வெற்றிச்செல்வன் அலறினான்.

ஞானம்மாளின் மணிக்கட்டை ஏதோ இறுக்கிப் பிடித்தது. ஜேம்ஸின் இடது கை. வளையல் உடைந்துவிடும்போல அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்து, முகம் சிவந்து, வாய் கோணிக்கொண்டு போயிற்று. "க்... க்..." என்றார். இன்னொரு அட்டாக் என்று நினைத்துவிட்டாள் ஞானம்மாள். "துலுக்கானம், தண்ணி, தண்ணி கொண்டா!" என்று அலறினாள்.

"கட்... கட்டை!" என்றார் ஜேம்ஸ். "கட்டை போ... போட சொல்டீ! லூசு!"

துலுக்கானம் தண்ணீரோடு அப்படியே நின்றுவிட்டான். ஞானம்மாள் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். லூசு! கல்யாணமாகி நாற்பது வருஷத்தில் இந்த வார்த்தைக்கு அவள் எத்தனை தடவை சண்டை பிடித்திருப்பாள், எத்தனை வேளை பட்டினி கிடந்திருப்பாள். இப்போது கண்ணில் தண்ணீர் தாரைதாரையாக ஊற்றுகிறது, வாய் சிரிக்கிறது.

"இன்னா சொன்னீங்க? இன்னொருவாட்டி சொல்லுங்க. திட்டுங்க, பரவால்ல, திட்டுங்க."

ஜேம்ஸ் திட்டவில்லை. களைத்துப்போய் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி ஆட்டத்தைப் பார்த்தார். அடுத்த பந்தைக் கோகுல்நாத் ஒழுங்காகத் தடுத்தான். அதற்கடுத்ததையும் தடுத்தான். எல்லாம் அவர் சொன்னபடியே நடக்க, ஜேம்ஸின் முகம் தெளிந்து, வாய் மூடிக்கொண்டது. அவ்வளவுதானா? அந்த ஒரு வார்த்தையோடு முடிந்துபோயிற்றா? அந்த ஒன்று கிடைத்தால் போதும் என்று வேண்டியவளும் அவள்தான். இப்போது ஒன்று எந்த மூலைக்கு?

அவளுக்குத் தன் புருஷனைத் தெரியாதா என்ன? குழம்பில் உப்பு சரியாக இருந்தால் அந்த ஆள் வாயைத் திறந்ததே இல்லை, தட்டைக் கழுவிவிட்டு எழுந்து போய்விடுவார். ஒரு கல் குறைந்தால்தான் பிரசங்கம் நடக்கும். சரியானதற்கெல்லாம் ஜேம்ஸிடம் பேச்சே கிடையாது.

ஞானம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகினாள். பந்து போடுகிறவன் ஓடிவரத் தொடங்கியிருந்தான். அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்துக்கொண்டாள்.

"கோலு! கோல் போடு நைனா! கோலூ!"

பந்து போட வந்தவன் பாதி ஓட்டத்தில் நின்றுவிட்டான். ஃபீல்டிங் பையன்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அம்பயரே தொப்பியைக் கழற்றி முகத்தை மறைத்துக்கொண்டார். ஜேம்ஸ் மட்டும் சிரிக்கவில்லை. நாலு பேர் நடுவில் தன் மானம் கப்பலேறுவதைப் பார்க்கிறவர் மாதிரி அவளை அண்ணாந்து பார்த்தார். நாற்காலிக் கையைப் பிடித்து எழுந்திருக்கப் பார்த்தார்.

"ஞா... ஞானம்!" என்றார். "கோலா? கிரி... கிரிக்கெட்டுடீ இது!"

"அப்டியா?" என்றாள் ஞானம்மாள். நாற்காலியை அவர் பக்கத்தில் இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கு இன்னாய்யா தெரியும்? ஊட்டுக்குள்ளயே கெடந்தவ. நீ சொல்லு."